உலகளந்த திருவடியும் வான் கடக்கும் மனிதனும்

திரிவிக்கிரமனாய் நின்று சேவை சாதிக்கும் எம்பெருமானைத் தரிசியாத சேவார்த்திகள் அரியர். ஒரு திருவடி மண்ணில் ஊன்றி நிற்க, மற்றொரு திருவடி விண்ணை நோக்கி உயர்ந்திருக்கும். அத்திருக்கோலத்தின் முன் தாயின் இடுப்பில் அமர்ந்திருக்கும் சிறு குழந்தைக்கும் ஒரு வினா எழுவதுண்டு: “அந்த மேலுலகம் எங்கே இருக்கிறது? அங்கே போக முடியுமா?”

இவ்வினா மிகப் பழமையானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே வினாவைக் கணக்கின் மொழியில் எழுப்பி, “போக முடியும், போகவும் வேண்டும்” என்று விடை கண்ட ஆசிரியர் ஒருவர் ருஷ்ய நாட்டில் வாழ்ந்தார். அவருடைய கொள்கையில் போற்றத்தக்கது யாது, தர்மத்தின் துலாக்கோலில் நில்லாதது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலூகா நகரத்து ஆசிரியர்

கான்ஸ்தந்தீன் சியோல்கோவ்ஸ்கி என்பது அவர் பெயர். 1857-ஆம் ஆண்டு ருஷ்யாவின் ரியாசான் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். ஏறத்தாழப் பத்து வயதில் கடுங்காய்ச்சல் கண்டு செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பயன்படவில்லை. ஆசிரியர் சொல்வது காதில் விழாதபோது வகுப்பில் அமர்ந்து யாது பயன்? சில ஆண்டுகளில் தாயையும் இழந்தார். பதினாறாவது வயதில் மாஸ்கோ நகரம் சென்று, கறுப்பு ரொட்டியையே பெரும்பாலும் உணவாகக் கொண்டு, நூலகத்தில் அமர்ந்து கணிதமும் பௌதிகமும் தாமே கற்றார்.

அந்நூலகத்தில் பணிபுரிந்த நிக்கலாய் ஃபியோதொரோவ் என்னும் முதியவர் அவருக்கு வேண்டிய நூல்களைத் தேடித் தந்து ஆதரித்தார். அந்த முதியவருக்கும் விசித்திரமான ஒரு கொள்கை இருந்தது. மைந்தர்கள் தங்கள் முன்னோரிடம் பட்ட கடன் தீராதது. என்றேனும் ஒரு நாள் மனித அறிவு முதிர்ந்து, இறந்துபோன முன்னோர் அனைவரையும் உயிர்ப்பித்தல் வேண்டும். அத்தனை பேரும் வாழ இப்பூமி போதாதாகையால் வேற்றுலகங்களையும் நாடவேண்டும் என்பது அவர் எண்ணம். நடக்கக்கூடியதா என்பது ஒருபுறமிருக்க, அதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. ஒருவரையும் விட்டுவிடாமல் அனைவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் என்பதே அவ்வுட்பொருள். இதைச் சேவார்த்திகள் மனத்தில் வைத்துக்கொள்வாராக. பின்னர் இது பயன்படும்.

சியோல்கோவ்ஸ்கி ஆசிரியர் தேர்வில் தேறி முதலில் பொரோவ்ஸ்க் என்னும் சிற்றூரிலும், 1892 முதல் கலூகா நகரத்திலும் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தார். பேசுவோர் சொல்வதைக் கேட்கத் தகரத்தால் தாமே செய்த பெரிய குழலொன்றைக் காதில் வைத்துக்கொள்வார். பள்ளிப் பணி முடிந்தபின் எஞ்சிய பொழுதெல்லாம் வானத்தைப் பற்றிய கணக்கே அவருக்குத் துணை.

1903-ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ஆராய்ச்சிக் கட்டுரை, ராக்கெட்டின் துணைகொண்டே மனிதன் விண்வெளியை அடைய இயலும் என்பதைக் கணக்கால் நிறுவியது. உற்சவ காலத்தில் வாணம் விடுவதைக் காணாதவர் இல்லை. கீழ்நோக்கி வாயுவை உமிழ, அதன் எதிர்விசையால் வாணம் மேல்நோக்கிப் பாய்கிறது. ராக்கெட்டின் தத்துவமும் இதுவே. உமிழப்படும் வாயுவின் வேகம் எவ்வளவு, எரிபொருளின் எடை எவ்வளவு என்று தெரிந்தால், ராக்கெட் பெறும் வேகம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என அவர் காட்டினார். வெடிமருந்துக்கு மாறாகத் திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் பயன்படுத்தலாம் என்றார். 1929-இல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக எரிந்து கழன்று விழ, மேலுள்ளது மட்டும் விண்ணையடையும் முறையை விளக்கினார். பூமியைச் சுற்றிவர விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அவ்வேகத்தை எட்டும் வழி இவ்வாறு வகுக்கப்பட்டது.

இத்தனையும் எழுதிய காலத்தில் அவர் வாழ்வு இனிதாக இருக்கவில்லை. 1902-இல் அவர் மைந்தருள் ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1908-இல் ஓகா நதி பெருகி வீட்டுக்குள் புகுந்து, அவர் எழுதி வைத்திருந்த ஏடுகளை நாசம் செய்தது. துன்பத்தை நூல்களிற் படித்தவர் அல்லர், அனுபவித்தவர். 1935-இல் அவர் காலமானார். அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்த 1957-இலேயே, அக்டோபர் 4-ஆம் நாள், மனிதன் செய்த முதல் செயற்கைக் கோள் பூமியை வலம் வந்தது. 1961 ஏப்ரல் 12-ஆம் நாள் யூரி ககாரின் 108 நிமிடங்களில் விண்ணேறி உலகை வலம் வந்து மண்ணில் இறங்கினார்.

வானேறுதல் தகுமா?

மனிதன் ஏன் வேற்றுலகம் செல்லவேண்டும் என்பதற்குச் சியோல்கோவ்ஸ்கி கூறிய காரணங்கள் தெளிவானவை. இப்பூமியை அவர் அறிவு வளரும் தொட்டிலாகக் கண்டார். வளர்ந்தபின் தொட்டிலை விட்டு இறங்குவது இயல்பு என்றார். சூரியன் வாரி வழங்கும் ஒளியில் இப்பூமி பெறுவது 200 கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சியதெல்லாம் வெற்று வெளியில் வீணாகிறது. அவ்வொளியில் பயிர் வளர்த்து, விண்ணிலேயே ஊர் அமைத்து வாழலாம் என்று அவர் கனவு கண்டார்.

1969-இல் மனிதன் சந்திர மண்டலத்தில் கால் வைத்தபோது, தெய்வமாகத் தொழும் சந்திரனை மிதித்தல் தகுமா என்று ஐயுற்ற ஆஸ்திகர் உண்டு. இவ்வையம் வேண்டுவதில்லை. காவிரியைத் தாயெனத் தொழுகின்றவரே அதில் காலை வைத்து இறங்கி நீராடுகின்றனர். மிதித்தமையால் நதியின் தெய்வத்தன்மை குறைந்துவிடவில்லை. எந்த மனத்தோடு இறங்குகிறார் என்பதே நோக்கத்தக்கது.

மேலும், பிரமலோகம் ஈறாக உள்ள எல்லா உலகங்களும் சென்றவர் மீண்டு திரும்பும் உலகங்களே என்று கீதாசாரியன் அருளியுள்ளான். ஆதலால் சந்திரனுக்கோ செவ்வாய்க்கோ செல்லுதல் மோக்ஷமும் ஆகாது. அதுவே காரணமாகப் பாவமும் ஆகாது. அது ஒரு யாத்திரை. யாத்திரையின் நன்மை தீமை யாத்திரிகன் நடந்துகொள்ளும் முறையைப் பொறுத்தது. சியோல்கோவ்ஸ்கியின் ஆர்வத்தில் இதுவரை குறை காண இடமில்லை. குறை இனித்தான் வருகிறது.

குறையற்ற உலகம் என்னும் கனவு

ராக்கெட் கணக்கினும் தம் தத்துவ நூல்களையே அவர் பெரிதாக மதித்தார். 1925-லும் 1928-லும் அவர் வெளியிட்ட நூல்களில் காணும் கொள்கை சுருங்கச் சொன்னால் இதுவாகும்: ஒவ்வோர் அணுவுக்கும் உணரும் ஆற்றல் உண்டு. கல்லில் அது உறங்குகிறது. உயிருள்ள உடலில் புகும்போது விழித்து இன்பதுன்பங்களை அடைகிறது. அவ்வுடல் அழிந்தபின் வேறோர் உடலைச் சேர்கிறது. ஆகவே பிரபஞ்சத்தில் குறையற்ற உடல்களே இருக்குமாயின், எந்த அணுவும் துன்பத்தை அறியாது. அதற்கு வழி யாது? குறையுள்ள உயிரினங்கள் பெருகாதபடி தடுத்து, வலியின்றி அவற்றை முடிவுக்குக் கொண்டுவந்து, அவ்விடத்தில் நிறைவுற்ற உயிர்களைக் குடியேற்றுவதே வழி. பல உலகங்களில் மேலான உயிர்கள் இதைச் செய்து முடித்துவிட்டன. இப்பூமி அபூர்வமாக விட்டுவைக்கப்பட்ட ஒன்று. நாளை விண்ணிற் பரவும் மனிதகுலமும் இதையே செய்யும் என்று அவர் நம்பினார்.

இதைக் கொடியவர் ஒருவரின் கூற்று என்று ஒதுக்கிவிடல் ஆகாது. எறும்பின் துன்பத்தையும் எண்ணி இரங்கிய ஒருவர், இரக்கத்தின் பெயராலேயே கூறியது இது. ஆகவேதான் இது ஆராயத்தக்கது. இரக்கத்திலிருந்து புறப்பட்டு இத்தகைய முடிவுக்கு வர நேர்ந்தது எவ்வாறு?

ஸ்ரீவைஷ்ணவ சித்தாந்தத்தில் ஜீவாத்மா அணுவளவினது என்றே கூறப்படுகிறது. மேலெழுந்தவாரியாக நோக்குவோர் இரண்டும் ஒன்றே என மயங்கக்கூடும். வேறுபாடு பெரிது. அவர் கூறிய அணு இன்ப துன்பங்களை உணர்வதன்றி வேறொன்றும் அறியாது. ஒன்றுக்கு மாறாக மற்றொன்றை வைத்தால் இழப்பில்லை. ஜீவனோ தனித்தன்மை உடையது, நித்தியமானது, எம்பெருமானுக்குச் சரீரமாய் நிற்பது. சரீரத்தில் ஒரு விரல் வளைந்திருந்தால் அதை வெட்டிவிட்டு வேறு விரல் வைத்துக்கொள்ள எவரும் எண்ணுவதில்லை, தடவிக்கொடுத்து மருந்திடுகின்றனர். நோயைப் போக்குவது மருத்துவம். நோயாளியைப் போக்கிவிட்டு ஊரில் நோயில்லை என்று கூறுவது மருத்துவம் ஆகாது. துன்பத்தைத் துடைப்பதற்கும் துன்பப்படுபவனைத் துடைத்துவிடுவதற்கும் உள்ள பேதத்தை அப்பெரியார் காணத் தவறிவிட்டார்.

“எம்பெருமானும் அவதாரந்தோறும் துஷ்டர்களை அழிக்கவில்லையோ?” என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. ஆயின் அங்கே அழிவு வந்தது செய்த தீவினைக்கு. பிறவியில் அமைந்த குறைக்கு அன்று. அதுவும் எளிதில் வரவில்லை. ஆயுதம் இழந்து நின்ற இராவணனையும் அன்று கொல்லாமல் திரும்பிச் செல்லவிட்டவன் இராமபிரான். திருந்துவதற்கு இடம் கொடுத்த பின்னரே தண்டனை. குறையுடையது என்னும் ஒரே காரணத்தால் ஓர் உயிரை விலக்குதல் எந்த அவதாரத்திலும் காணப்படவில்லை.

குறை எது என்று கூறுபவர் யார்?

இக்கொள்கைக்குச் சாஸ்திர விசாரம் இன்றியே விடை கூறலாம். குறையுள்ளவற்றைக் களைந்துவிட்ட உலகம் ஒன்று 1867-ஆம் ஆண்டளவில் ருஷ்யாவில் இருந்திருக்குமாயின், செவி கேளாத, பள்ளியில் படிக்க இயலாத, ஏழைச் சிறுவன் ஒருவன் அதில் இடம் பெற்றிருப்பானா? அச்சிறுவன் விலக்கப்பட்டிருந்தால் ராக்கெட் கணக்கும் அவனோடு போயிருக்கும். தம் கொள்கை தம்மையே வெளியே நிறுத்தும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1950-களின் இறுதியில், மனிதன் விண்ணேறுமுன், எடையற்ற நிலையில் அவன் உடல் என்ன பாடுபடும் என்று அமெரிக்கர்கள் அறிய விரும்பினர். காதின் உட்பகுதியில் உடலை நிலைநிறுத்தும் உறுப்பொன்று உண்டு; ஆட்டத்திலும் சுழற்சியிலும் தலைசுற்றலும் குமட்டலும் வருவது அதனாலேயே. வாஷிங்டன் நகரில் செவிகேளாதோர் பயிலும் கலாடெட் கல்லூரியிலிருந்து பதினொருவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் தவிர மற்றவர் எல்லோரும் மூளையுறைக் காய்ச்சலால் செவியை இழந்தவர்கள். அந்நோய் காதின் உள்ளுறுப்பையும் பாதித்திருந்தமையால் அவர்களுக்குக் குமட்டல் வருவதில்லை. நால்வர் ஓயாது சுழலும் அறையில் பன்னிரண்டு நாட்கள் வசித்தனர். கொந்தளிக்கும் கடலில் கப்பலேற்றிச் சோதித்தபோது, ஆராய வந்தவர்களே நோயுற்றுப் படுத்தனர், செவிகேளாதவர்களோ சீட்டாடிக்கொண்டிருந்தனர். விண்வெளியில் மனித உடல் எவ்வாறு இயங்கும் என்ற அறிவுக்கு இவர்கள் பெருந்துணை புரிந்தனர். எதை உலகம் குறை என்றதோ, அதுவே அங்கே தகுதியாயிற்று.

2022-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், விபத்தில் ஒரு காலை இழந்த ஜான் மெக்ஃபால் என்பவரை விண்வெளிப் பயிற்சிக்குத் தெரிந்தெடுத்தது. நீண்டகால விண்பயணத்திற்கு அவர் உடல் தகுதி உடையதே என்று 2025-இல் மருத்துவச் சான்றும் அளிக்கப்பட்டது. குருவின் கணக்கைக் கைக்கொண்ட பிற்காலத்தவர், அவரது குறுகிய தத்துவத்தைக் கைவிட்டதற்கு இது நல்லதோர் அடையாளம்.

கூரத்தாழ்வான் வேண்டிய வரம்

இவ்விடத்தில் கூரத்தாழ்வானின் சரிதம் நினைவுக்கு வருதல் இயல்பு. உடையவரைக் காக்கும் பொருட்டு அவர்தம் காஷாயத்தைத் தாம் தரித்து அரசவைக்குச் சென்று, தம் கண்களை இழந்தவர் அவர். அதற்குக் காரணமாய் நின்றவன் நாலூரான். பின்னர்க் காஞ்சியில் பேரருளாளன் சந்நிதியில் வரம் வேண்டும் வாய்ப்பு நேர்ந்தபோது, ஆழ்வான் கண்ணை வேண்டினார் அல்லர். தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று விண்ணப்பித்தார் எனக் குருபரம்பரை கூறும்.

இதன் ஆழத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். பரமபதத்தைக் காட்டிலும் குறையற்ற உலகம் வேறில்லை. அவ்வுலகிற்குச் செல்லவிருப்பவர், தமக்குத் தீங்கு செய்தவனை வெளியே நிறுத்திவிட்டுச் செல்ல உடன்படவில்லை. தீயவன் இல்லாத உலகம் இரண்டு வகையில் அமையலாம். தீயவனை அகற்றுவது ஒரு வகை. அவனையும் உய்வித்து உடன் அழைத்துச் செல்வது மற்றொரு வகை. முதலாவது எளிது, அதைக் கருணை என்று அழைத்தல் இயலாது.

வேற்றுலகில் நடக்கவேண்டிய முறை

எனவே வானேறும் மனிதனுக்கு விதிக்கத்தக்க தர்மம் யாது? செல்லும் இடத்தில் உள்ள உயிர், எத்துணைச் சிறிதாயினும், தான் அழிக்கத்தக்கது அன்று என்னும் உணர்வே அது. மகிழ்ச்சிக்குரிய செய்தி யாதெனில், இவ்வுணர்வு விஞ்ஞானிகளிடம் செயல்வடிவம் பெற்றிருக்கிறது.

1967-இல் பல நாடுகளும் ஏற்ற விண்வெளி உடன்படிக்கை, சந்திரனையோ மற்றைக் கோள்களையோ எந்த நாடும் தன் உடைமையாக்கிக் கொள்ளலாகாது என்றும், அவற்றை மாசுபடுத்துதல் கூடாது என்றும் விதித்தது. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் இரண்டும், புறப்படுமுன் 110 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பல மணி நேரம் வைக்கப்பட்டுக் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. திருமடைப்பள்ளியில் நுழைவோர் நீராடி மடி உடுத்துச் செல்வதை அறிந்தவர்களுக்கு இதன் கருத்தை விளக்கவேண்டுவதில்லை. அந்நிய வீட்டுக்குள் அழுக்கோடு நுழைதல் தகாது என்பதே அது.

இதனினும் உருக்கமானது கஸினி என்னும் விண்கலத்தின் முடிவு. 2004-இல் சனிக் கோளையடைந்த அக்கலம், என்ஸலேடஸ் என்னும் சிறு துணைக்கோளில் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு நீராவி பீறிடுவதைக் கண்டறிந்தது. நீர் உள்ள இடத்தில் உயிரும் இருக்கலாம். எரிபொருள் தீரும் காலம் வந்தபோது, கலம் கட்டுப்பாடிழந்து என்றேனும் அத்துணைக்கோளின்மீது விழுந்து, பூமியின் கிருமிகளால் அங்குள்ள உயிருக்குக் கேடு விளையலாம் என்று அஞ்சினர். 2017 செப்டம்பர் 15-ஆம் நாள் அதனைச் சனியின் வாயு மண்டலத்துள் வேண்டுமென்றே செலுத்தி எரிந்துபோகச் செய்தனர். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத, கண்ணுக்கும் புலப்படாத ஓர் உயிரின் பொருட்டு, பதின்மூன்று ஆண்டுகள் சனியைச் சுற்றி உழைத்த தங்கள் கருவியை மனிதர் தாமே துறந்தனர். கலூகா ஆசிரியரின் கணக்கு அக்கலத்தை அனுப்பியது. அவர் நூலில் இல்லாத தயை அதன் முடிவை நிர்ணயித்தது.

திருவடி பட்ட தலைகள்

உலகங்களை அளக்கப் புறப்பட்டவர் இருவகையினர். மூவுலகும் தனதென்று கருதிய மாவலி ஒருவன். அளந்து பெற்றதைத் தனக்கென வைத்துக்கொள்ளாது உரியவரிடம் மீட்டுக் கொடுத்த வாமனன் மற்றொருவன். அளந்த அத்திருவடி நல்லார் தீயார் என்றோ, கற்றார் கல்லார் என்றோ, குறையுற்றார் குறையற்றார் என்றோ பாராமல் எல்லார் தலையிலும் பட்டது என்று பூர்வாசாரியர்கள் ஈடுபடுவர். ஒருவரையும் தள்ளாமல் அளந்ததே உலகளந்ததன் பெருமை.

மனிதன் சந்திரனுக்குச் செல்லட்டும், செவ்வாய்க்கும் செல்லட்டும். அங்கே அவன் கட்டும் ஊரில் செவி கேளாத சிறுவனுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். பழைய நூலகத்து முதியவர் கண்ட கனவில் இறந்தவர்க்கும் இடம் இருந்ததே. உயிரோடு இருப்பவர்க்கு இடம் மறுக்கும் கனவு அதனினும் உயர்ந்தது ஆகுமோ?

உற்சவ நாட்களில் எம்பெருமான் கர்ப்பக்கிருகத்தை விட்டு வீதிக்கு எழுந்தருள்கிறான். நடக்க இயலாத முதியோரும், நோயுற்றுப் படுத்திருப்போரும், படியேற மாட்டாத முடவரும் தத்தம் வாசலிலேயே அவனைச் சேவிக்கின்றனர். வர இயலாதவர் வரட்டும் என்று காத்திராமல், அவர்கள் இருக்குமிடத்திற்குத் தானே வருதல் அவன் இயல்பு. விண்ணை நோக்கிப் புறப்படும் மனிதனும் அப்புறப்பாட்டை ஒருமுறை கண்குளிரச் சேவித்துவிட்டுப் புறப்படுவானாக.